வேலியில் வாசல் கேட்ட பரமேஸ்வரி அக்கா

தலவாக்கலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது மகள் போன் பண்ணினாள். "அப்பா, பரமேஸ்வரி பெரியம்மா போயிட்டாங்க."

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், அக்கா அடுத்த வீடு. கொழுந்தெடுத்தே ஓய்ந்தவர். லயத்துக்கு மேலே ஒரு சிறுகாடு இருக்கிறது. அங்கேயுள்ள ஊற்றுத் தண்ணீர்தான் எங்கள் பைப்பில் வருகிறது. ஊற்று வற்றத் தொடங்கியதும் காட்டைக் காப்பாற்ற மேலிடத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. சுற்றிலும் முள்கம்பி. உள்ளே யாரும் போகக் கூடாது. எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்த மேதையாகிய நான்தான் வேலி போட்ட அன்று தேங்காய் உடைத்தேன். கழுத்தில் மாலையும் விழுந்தது. வீட்டுக்கு வந்தால் அடுப்பு பற்றவில்லை. விறகு தந்ததும் அதே காடுதானே!

"அந்த மாலைய அடுப்புல வைங்க, சோறு வேகட்டும்" என்றாள் மனைவி.

பிறகு பெண்கள் கம்பிக்கடியில் புகுந்து போனார்கள். பிடிபடுவோமென்ற பயத்தில் கைக்கெட்டியதை வெட்டினார்கள், பச்சை மரம் உட்பட. வேலி போட்ட பிறகுதான் காடு வேகமாகக் குறைந்தது.

திட்டத்து அதிகாரிகள் கூட்டிய அடுத்த கூட்டத்தில் அக்கா எழுந்தார்.

"ஐயா, மரத்தக் காப்பாத்துங்க, வேணாங்கல. எங்க அடுப்பையும் சேத்து யோசிங்க. வேலியில ஒரு வாசல் வைங்க. காஞ்சத மட்டும் எடுத்துக்கிறோம். பச்சைய வெட்டுனா நானே புடிச்சுத் தர்றேன்."

"நீங்க யாரும்மா, அதுக்குப் பொறுப்பா?" என்றார் அதிகாரி.

"அந்தத் தண்ணியக் குடிக்கிறவ."

வாசல் வந்தது. ஞாயிறுதோறும் திறந்தார்கள். அக்கா அங்கேயே நின்று ஒவ்வொரு விறகுக் கட்டாகப் பார்ப்பார். சொந்த மருமகளின் கட்டிலிருந்தே பச்சைக் கிளையை உருவிப் போட்டவர்.

"மலையில வேலை வாங்கி வெரட்டுற கண்டாக்கு பத்தாதுன்னு இங்க ஒரு கண்டாக்கு" என்று முணுமுணுத்தாள் என் மனைவி.

"ஏசிட்டுப் போடி, பச்சைய மட்டும் வச்சிட்டுப் போ" என்றார் அக்கா.

ஒருநாள் என்னிடம், "மேல இருக்கவங்களும் ஏசுறாங்க, லயத்துலயும் ஏசுறாங்க. அலுத்துப் போச்சு தம்பி" என்றார். மறு ஞாயிறும் போய் நின்றார். இருமல் வந்த பிறகும் நின்றார்.

இப்போது, நிற்க ஆளில்லை, வாசலை மூடிவிடலாம் என்கிறார்கள் அதிகாரிகள். லயத்துக்காகப் பேச என்னைப் பிடித்திருக்கிறார்கள். நாலு பேரைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் வேறு யாரும் முன்வரவில்லை.

நேற்று அடக்கம் முடிந்து, பைப்படியில் வரிசையாக நின்று தலைமுழுகினோம். இந்த வெயிலிலும் தண்ணீர் நிற்காமல் வந்தது.

எனக்கும் அலுப்பாத்தான் இருக்குக்கா. ஆனா ஞாயித்துக்கிழம நான் போய் நிக்கிறேன். நீங்க காலை நீட்டிப் படுங்க.