ஐந்து மணிக்கு நைனாவின் விரல்

மற்ற வீடுகளில் எறும்பு சமையல்கட்டைத் தேடிப் போகும். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் அது நைனாவின் சட்டையைத் தேடிப் போனது. நைனா அப்போது அஸ்கா கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சர்க்கரையை எங்கள் பக்கம் அஸ்கா என்றுதான் சொல்வோம். கொக்கி போட்டு மூட்டையை இழுக்கும்போது சிந்துகிற தூள் வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் வீடு திரும்பும்போது கழுத்தும் கையும் பிசுபிசுவென்று இருக்கும். குழந்தையாக இருந்தபோது நான் அவர் கையை நக்கி நக்கிச் சிரிப்பேனாம். அம்மா அந்த வேலைச் சட்டையை வீட்டுக்குள் மாட்ட விடமாட்டாள். வாசலுக்கு வெளியே அதற்கென்று ஒரு ஆணி அடித்திருந்தாள்.

இவ்வளவும் தெரிந்த வீடுதான். ஆனாலும் ஒரு மாதம் முழுக்க எங்கள் யாருக்கும் புத்தி வேலை செய்யவில்லை. எனக்குத்தான் முதலில் வேலை செய்திருக்க வேண்டும். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான், ஆறாம் வகுப்பு.

நைனாவின் கால் விரலில் ஒரு காயம் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்ததில்தான் கதை தொடங்கியது. தெருமுனை கிளினிக்கில் டாக்டரம்மா பார்த்துவிட்டு சுகர் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். சோற்றைக் குறைக்கச் சொன்னார். ஒரு வேளை மட்டும், அதுவும் ஒரு கரண்டி. மீன், முட்டை, காய், சுண்டல் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து தினமும் வீட்டிலேயே சோதித்து எழுதி வர வேண்டும். ஒரு மாதத்தில் குறையவில்லை என்றால் தினமும் ஊசிதான் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஊசி என்றதும் நைனா முகம் செத்துப்போனது. வலிக்கு பயந்தவர் இல்லை அவர். ஊசி போடுகிற ஆளை கிடங்கில் மூட்டை தூக்க விடமாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. மூட்டை தூக்குவதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமாவும் அதே கிடங்கில்தான் வேலை செய்தார். அவர்தான் பாரிமுனைக்குப் போய் சுகர் பார்க்கிற மிஷின் வாங்கி வந்தார். வாங்கி வந்தவருக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. உள்ளே இருந்த தாள் முழுக்க இங்கிலீஷ்.

"அத்த பாப்பாகிட்ட குடு. மாசா மாசம் பீஸ் கட்டி படிக்க வைக்கிறது பின்ன எதுக்கு?" என்றார்.

அன்றிலிருந்து நான் அந்த வீட்டின் நர்ஸ் ஆனேன். தாளை விரித்துவைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். முதல் படத்தில் ஒரு குழாயும் இரண்டு கைகளும் இருந்தன. கை கழுவ வேண்டுமாம். அது பள்ளிக்கூடச் சுவரிலும் இருக்கிறது, தெருமுனை கிளினிக்கிலும் இருக்கிறது, எல்லாவற்றிலும் அதைத்தான் போடுவார்கள் என்று தாண்டிப்போய் இரண்டாவது படத்திலிருந்து ஆரம்பித்தேன். கட்டம் போட்ட நோட்டு ஒன்றில் தேதி, நேரம், அளவு, குறிப்பு என்று ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தேன். என்னை விட்டால் டாக்டரம்மாவுக்கே பாடம் எடுத்திருப்பேன்.

கிடங்கில் சாப்பாடு மூன்று மணிக்கு. அப்படியானால் சோதிக்க வேண்டிய நேரம் ஐந்து. நைனா வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதும் கிட்டத்தட்ட ஐந்து. நான் வாட்ச் கட்டிக்கொண்டு, மிஷினும் ஊசியுமாக வாசலிலேயே நிற்பேன். வெளியே இருந்த டிரம்மில் கை கால் கழுவிவிட்டு உள்ளே நுழைவது அவர் வழக்கம். முதல் நாள் டிரம் பக்கம் திரும்பியவரை நான் விடவில்லை.

"இரு கண்ணு, கை காலு கழுவிக்கினு வரேன்."

"வோணாம் நைனா, டைம் ஆய்டும். இங்கியே குந்து."

மலை மாதிரி இருந்த மனுஷன் படியில் உட்கார்ந்து விரலை நீட்டினார். மிஷின் 318 காட்டியது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் அழகாக நோட்டில் எழுதினேன்.

அதற்குப் பிறகு நைனா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் ஒரு குண்டான் பழைய சோறு சாப்பிட்டுப் போகிறவர், இரண்டு முட்டையோடு எழுந்து போனார். மதியத்துக்கு அம்மா முட்டைக்கோஸைப் பொடிப்பொடியாக நறுக்கி, வதக்கி, சோறு போலவே தூக்குச்சட்டியில் அமுக்கி வைப்பாள். மேலே நாலு கவலை மீன் வறுவல். கிடங்கில் எல்லோரும் தூக்கை எட்டிப் பார்த்து, "இன்னா மாமு, ஆடு மாதிரி தழ துன்றியா?" என்று கேட்பார்களாம். அவரும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார் என்று மாமா சொன்னார். ராத்திரியில் எங்களுக்குச் சோறு வடிக்கும்போது அந்த வாசனை வருகிற நேரம் பார்த்து ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். அவர் வந்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தால் அம்மா அதட்டி எங்களைச் சாப்பிட வைப்பாள்.

இவ்வளவு செய்தும் அளவு இறங்கவில்லை. 305, 340, 296, 352. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 140க்குப் பக்கத்தில் வரும். ஏன் என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தோம். அன்றைக்கு வேலை டென்ஷன் இல்லை, அதனால்தான் என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுக்கிறோமே, கறிதான் சுகரை அடிக்கிறது என்று மாமா அடித்துச் சொன்னார். வாரம் முழுக்கக் கறி எடுத்தால் நோயே ஓடிவிடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் முழு நாளும் வீட்டில் இருப்பதால் நைனா சந்தோஷமாக இருக்கிறார் என்பது என் முடிவு. அன்றைக்கு அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மடிப்புக் கலையாத லுங்கியோடு உட்கார்ந்திருப்பார் என்பது யாருக்கும் காரணமாகத் தோன்றவில்லை.

பதினைந்து நாள் கழித்து நோட்டைப் பார்த்த டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். லேபில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு வரவும் சொன்னார். லேப் திறக்கிற நேரத்துக்கு நைனா பாதி லாரியை ஏற்றி முடித்திருப்பார். அதனால் போகவில்லை. வீட்டில்தான் நான் இருக்கிறேனே. அடுத்த வாரம் மாத்திரை இன்னும் கூடியது.

நாலைந்து நாள் போயிருக்கும். காலை பதினொரு மணிக்கு, தோளில் மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறும்போது நைனாவின் கால் நடுங்கியது. மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை, பேச்சு குழறியது. டீ கொண்டுவந்த பெரியவருக்கும் சுகர் உண்டு. அவர் பார்த்ததும் டீயில் அஸ்காவை அள்ளிப் போட்டு வாயில் ஊற்றப் போனார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சுகர்காரருக்கு அது விஷம் என்று கத்தியிருக்கிறார். பெரியவர் மாமாவைத் தள்ளிவிட்டுத்தான் ஊற்றினார். பத்து நிமிஷத்தில் நைனா எழுந்து உட்கார்ந்தார். அஸ்காவைக் குடித்துவிட்டு சுகர்காரர் எப்படி எழுந்தார் என்று மாமாவுக்கு ரொம்ப நாள் வரை விளங்கவில்லை.

சாயங்காலம் வரை நைனாவை மூட்டை மேலேயே படுக்க வைத்திருந்து, மாமா நேராக கிளினிக்குக் கூட்டி வந்தார். நானும் அம்மாவும் நோட்டோடும் மிஷினோடும் ஓடினோம். டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விரல் நின்றது. நைனாவின் வேலைச் சட்டையைப் பார்த்தார்.

"கிடங்குல என்ன மூட்டை?"

"அஸ்காம்மா."

டாக்டரம்மா மிஷினை வாங்கினார். நைனாவின் விரலை அப்படியே குத்தினார். 372. பிறகு சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவச் சொல்லி, துடைத்து, இன்னொரு விரலைக் குத்தினார். 96. அம்மா தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளா விரல்ல ஒட்டின சக்கரைக்கு மருந்து குடுத்திருக்கேன். சோத்தையும் குறைச்சு, மாத்திரையையும் ஏத்தினா ஆள் என்ன ஆவறது? ராத்திரி தூக்கத்துல இப்படி சுகர் இறங்கியிருந்தா காலையில எழுந்திருக்க மாட்டீங்க. யாரு டெஸ்ட் பண்ணினது?"

நான் கையைத் தூக்கத்தான் போனேன். அவ்வளவு பெருமை எனக்கு.

"நாந்தாம்மா பண்ணிக்கினேன். கை கழுவணும்னு தெரியாம பூட்ச்சு. கொயந்த நோட்டுல எழுதும், அவ்ளோதான்" என்றார் நைனா.

"பொய்" என்று ஆரம்பித்தேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள். வலித்தது. டாக்டரம்மா நைனாவைப் பிடிபிடி என்று பிடித்தார். அவர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை முட்டியது. ஒரு மாதமாக வாட்ச் கட்டிக்கொண்டு நான் பார்த்த வேலையை, ஊர் பார்க்க, தான் பார்த்ததாகச் சொல்லிவிட்டாரே. வீட்டுக்குத் திரும்பும்போது அவர் கையைப் பிடிக்காமல் மாமாவோடு நடந்தேன். ராத்திரி நோட்டை எடுத்து, குறிப்பு என்று கோடு போட்டிருந்த இடத்தில் பேனாவை அழுத்தி எழுதினேன்: நைனா டாக்டரிடம் பொய் சொன்னார்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவர் டிரம்மில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து விரலை நீட்டினார்.

"நீதான பண்ணிக்கிற? நீயே பண்ணிக்கோ."

"எனுக்கு இன்னா தெரியும்? மிஷின புடிக்கக்கூடத் தெரியாது. வாம்மா."

முகத்தைத் திருப்பிக்கொண்டே குத்தினேன். 131. நோட்டை வாங்கி நான் முந்தின நாள் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

இப்போது நான் திருவொற்றியூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். வருகிறவர்களிடம் முதலில் குழாயைத்தான் காட்டுவேன். சில பேர் கோபித்துக்கொள்வார்கள். பதினொரு வயதில் என் அவசரத்தால் நைனாவைக் கொல்லப் பார்த்தேன் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? அதை அந்த வயதிலேயே என் தலையில் யாராவது ஏற்றியிருந்தால் மறுபடி ஒரு ஊசியைத் தொட்டிருப்பேனா என்று தெரியவில்லை. நினைக்கும்போதெல்லாம் நைனாவின் அந்தத் தலையாட்டல் கண்ணில் வந்து நிற்கும்.

அன்றைக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? அடுத்த மாதம் அதே நோட்டோடு போனோம். டாக்டரம்மா பக்கத்தைத் திருப்பியவர் என் குறிப்பில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார். நைனா மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே நீயே டெஸ்ட் பண்ணும்மா. அவரைக் கை கழுவ வச்சிட்டு பண்ணு" என்றார் என்னிடம்.

என் வழக்கு ஜெயித்துவிட்டது, நைனாவின் குட்டு உடைந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் குதித்துக்கொண்டே வந்தேன். நைனாவும் கூடவே சிரித்துக்கொண்டு வந்தார். மாட்டிக்கொண்டவர் எதற்குச் சிரிக்கிறார் என்பது மட்டும்தான் எனக்குப் புரியவில்லை.