ஒட்வாரின் செருப்பு

தாய்லாந்தின் ஹுவா ஹின்னில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒட்வார். இருவருமே நார்வேக்காரர்கள், ஓய்வு பெற்று வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அக்காவின் அடக்கத்துக்காக நார்வேக்குப் போன ஒட்வார் கொரோனாவில் அங்கேயே மாட்டிக்கொண்டார். வாசலில் அவர் விட்டுப்போன செருப்பை நான் தொடவில்லை. இங்கே செருப்பு வெளியே கிடந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

நூடுல்ஸ் விற்கும் நொய், தினமும் மாலையில் அவர் வாசலில் வண்டியை நிறுத்தி மணியடிப்பாள்.

"அவருதான் இல்லையேம்மா," என்பேன்.

"செருப்பு கெடக்குல்ல? வந்துருவாரு," என்பாள்.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும், கொரோனாவுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு இருந்தால்தான் தாய்லாந்து திரும்ப விசா என்றார்கள். எழுபத்தெட்டு வயதில், இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதருக்கு எவன் காப்பீடு கொடுப்பான்? இளவயதுக்காரர்களைத் துரத்தித் துரத்திப் பிடிக்கிற கம்பெனிகள் எல்லாம் அவரிடம் கையை விரித்துவிட்டன.

நேற்று போனில் சொன்னார்: "இங்க ஆஸ்பத்திரிக்குக் கொறச்சலே இல்லய்யா. ஒடம்புக்கு என்னன்னு கேக்கத்தான் ஆளில்ல."

"இன்னொரு கம்பெனிய கேட்டுப் பாப்போம்."

"போதும்யா. அந்தச் செருப்ப எடுத்து உள்ள வச்சிரு. வெயில்ல காஞ்சு வீணாப்போகுது."

வைத்தேன்.

மாலையில் நொய் வந்தாள். மணியில் கை வைத்தவள் வாசலைப் பார்த்தாள். அடிக்காமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.