நரி முகத்தில் விழிக்கப் போன மாமா

"நரியா? வரிச்சிக்குடியிலயா? நாயப் பாத்துட்டு வந்து நரிங்குற. உக்காரு."

நான்காம் வகுப்பு டீச்சர் இப்படிச் சொன்னதும் நான் உட்கார்ந்துவிட்டேன். காட்டு விலங்கு எதையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று அவர்தான் கேட்டிருந்தார். கோயில் யானை, சர்க்கஸ் குரங்கு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் எழுந்து, நரி, தினமும் காலையில் பார்க்கிறேன் என்றேன். "எங்க பாத்த?" என்றார். பதில் எனக்குத் தெரியும். ஆனால் டவுன் பக்கத்துக் கோவில்பத்துப் பிள்ளைகள் நிறைந்த அந்த வகுப்பில் அந்த இடத்தைச் சொல்ல வாய் வரவில்லை. நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் டீச்சர் அது நாய் என்று முடிவு செய்தார்.

அந்த இடம் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த கருவைக்காடு. வரிச்சிக்குடியின் கடைசித் தெரு எங்களுடையது. அதைத் தாண்டினால் வயல். வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, விவசாயத்துக்கு உதவாத ஒரு மேட்டில் கருவை முட்செடி மண்டிக் கிடந்தது. எங்கள் தெருவில் அப்போது எந்த வீட்டிலும் கழிப்பறை இல்லை. விடிவதற்கு முன்னால் பெண்கள் கருவைக்காட்டுக்குப் போய் வந்துவிடுவார்கள். ஆண்கள் நன்றாக வெளுத்த பிறகு, வாய்க்காலுக்கு அக்கரையில், பல் விளக்கிக்கொண்டே சாவகாசமாகப் போவார்கள்.

என் வேலை காவல். ஒற்றையடிப் பாதை பிரிகிற இடத்தில் தலையில்லாத பனைமரம் ஒன்று நின்றது. அம்மா என்னை அதனருகே நிறுத்தி, "ஆளு யாராச்சும் வந்தா இருமு" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோடு உள்ளே போவாள். தூரத்துத் தார்ச்சாலையில் ஏதாவது வண்டி திரும்பினால் அதன் வெளிச்சம் கருவைக்காட்டின் மேல் ஒரு வீச்சு வீசிவிட்டுப் போகும். அப்போது உள்ளே இருக்கும் பெண்கள் எல்லாரும் சட்டென்று எழுந்து நிற்பார்கள். வெளிச்சம் போனதும் மறைந்துவிடுவார்கள். எனக்கு அது பெரியவர்கள் ஆடும் ஒரு விளையாட்டைப் போலத் தெரிந்தது.

அங்கே நின்றபோதுதான் நரியைப் பார்த்தேன். வரப்பில் நண்டு தேடித் தின்றுவிட்டுத் திரும்புகிற நேரம் அது. செம்பட்டை முதுகு, கூர்மையான முகம், நுனி கறுத்த வால். நாய் நம்மைக் கண்டால் குரைக்கும், அல்லது குழைந்துகொண்டு கிட்டே வரும். நரி இரண்டும் செய்யவில்லை. நின்று ஒரு தரம் பார்த்தது. பிறகு, தெரியாமல் அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்ட விருந்தாளியைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிப் போனது. பெரியம்மாவும் அதைப் பார்த்திருக்கிறாள். "அதுக்கு இருக்குற வெவரம் மனுசனுக்கு இல்லடி" என்பாள்.

எங்கள் பக்கத்தில் யாருக்காவது எதிர்பாராமல் நல்லது நடந்தால், நரி முகத்தில் முழித்தாயா என்றுதான் கேட்பார்கள். அப்பாவுக்கு இதை வைத்து ஒரு வேடிக்கை உண்டு. "இந்தத் தெருப் பொம்பளைங்க தெனம் நரி மொகத்துலதான் முழிக்கிறாங்க. யோகந்தான் இன்னும் வரக் காணும்" என்பார்.

அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொல்வாள்: "வரும்போது கதவு வச்சதா ஒண்ணு கொண்டாரச் சொல்லுங்க."

அப்பா சிரிப்பார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்கள் வீட்டில் இருந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, வெல்டிங் பட்டறையில் கண்ணெரிச்சலோடு தொழில் கற்றவர். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் வேலைக்கு ஆள் எடுக்க மெட்ராஸில் டெஸ்ட் வைப்பார்கள். இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பி வந்திருந்தார். கைநடுக்கம் என்றார்கள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் இனி உன்னைக் கூப்பிட மாட்டேன் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார். மாமாவுக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டாரும் டெஸ்ட் முடியட்டும், பேசலாம் என்று இருந்தார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் சாப்பிடும்போது அப்பா, "நாளைக்கு நரி மொகத்துல முழிச்சிட்டுப் போ மாப்ள. கை தானா நிக்கும்" என்றார்.

அப்பா விளையாட்டுக்குத்தான் சொன்னார். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். கொல்லையில் நான் கை கழுவும்போது கிட்டே வந்து குனிந்தார்.

"நீ நரிய பாக்குறியாமே குட்டி, நெசந்தானா?"

"நெசம்."

"நாய் இல்லியே?"

"நாய்னா வாலு மேல இருக்கும். இதுக்குக் கீழ தொங்கும்."

மாமா தலையாட்டினார். டீச்சர் நம்பாததை மாமா நம்பினார். அதற்காக நான் அவரைச் சிங்கப்பூருக்கே கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பேன். எந்த இடம் என்று கேட்டார். வாய்க்கால் மேடு என்றேன். அவர் மனதில் வாய்க்கால் மேடு என்றால் ஆண்கள் போகும் அக்கரை. என் மனதில் வேறு.

நரி முகத்தில் விழிப்பதென்றால் அதற்கு முன் வேறு எதையும் பார்க்கக் கூடாது. அதனால் மாமா கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டே தூங்கினார். மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா, பிள்ளை தூங்கட்டும் என்று என்னை எழுப்பாமல் பெரியம்மாவோடு போய்விட்டாள். நான் எழுந்து, கண் கட்டியிருந்த மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கொல்லை வழியாக நடந்தேன். அவர் இரண்டு இடத்தில் தடுக்கினார். "மெதுவாப் போடி. சிங்கப்பூரு போறதுக்குள்ள காலை ஒடச்சிராத" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் எப்போதும் போகிற பாதையில் திரும்பினேன். ஆள் வந்தால் இரும வேண்டும் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் மாமாவை நான் ஆளாக நினைக்கவில்லை. அவர் மாமா.

பனைமரத்துக்கு வந்தபோது நரி அங்கே இருந்தது. என்றைக்கும் இல்லாதபடி கிட்டத்தில், வயல் பக்கமாக, முன்னங்காலைத் தூக்கியபடி நின்றது. அவர் கையை அழுத்தி, "இருக்கு மாமா, அவுத்துப் பாருங்க" என்றேன்.

அதே நேரத்தில் கருவைக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "யாருய்யா அது?"

மாமா துண்டை இழுத்துவிட்டு, குரல் வந்த பக்கம் திரும்பினார். புதர்களுக்கு நடுவே பெண்கள் எழுந்து நின்றார்கள். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு தலைப்பை இழுத்து முகத்தை மூடியிருந்தார்கள். அம்மா மட்டும் திரும்பவில்லை. எல்லாருக்கும் முன்னால் இருந்தது அவள்தான். கையில் தண்ணீர்ச் சொம்போடு, வந்தது யார் என்று நேராகப் பார்த்தபடி நின்றாள். அன்று மாமா முதலில் பார்த்தது தன் அக்காவின் முகத்தை.

"அங்க இல்ல மாமா, இந்தப் பக்கம்" என்று அவர் கையை இழுத்தேன். நரி எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வரப்போடு போய்விட்டது. மாமாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன். இத்தனை கிட்டத்தில் வந்தும் பார்க்காமல் விட்டுவிட்டாரே, இனி டெஸ்டில் எப்படித் தேறுவார் என்று எனக்கு அழுகை வந்தது.

அம்மா குளித்துவிட்டு வந்து டீ போட்டாள். மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டம்ளரை அவர் பக்கத்தில் வைத்து, "பஸ்ஸுக்கு நேரமாவுது தம்பி" என்றாள். "அக்கா" என்றார். "போயிட்டு வா" என்றாள். என்னையும் திட்டவில்லை. மறுநாள் விடியலில் வழக்கம்போல என்னைப் பனைமரத்தருகே நிறுத்தி, "ஆளு வந்தா இருமு" என்றாள். உள்ளே இரண்டடி போனவள் நின்றாள். "மாமா வந்தாலும்."

மாமா டெஸ்டில் தேறிவிட்டார். அப்பா தெரு முழுக்க நரியின் பெருமையைச் சொன்னார். "நெசமாவே பாத்தியாடா?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் மாமா, "பாத்தேன்" என்றார். அவர் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

விசா வரக் காத்திருந்த நாட்களில் மாமா கொல்லையில் குழி வெட்டத் தொடங்கினார். இடுப்பாழம் போவதற்குள் தண்ணீர் ஊறியது. இறைத்துக் கொட்டிவிட்டு மறுபடி வெட்டினார். "சிங்கப்பூரு போறவன் இங்க கெணறு வெட்டுறாண்டி" என்று பெரியம்மா வேலியோரம் நின்று கேலி செய்தாள். எனக்கோ அது நரியைப் பிடிக்க வெட்டுகிற குழி என்று நிச்சயம். முகம் காட்டாமல் போன நரி மேல் மாமாவுக்குக் கோபம் என்று நினைத்தேன்.

"அது ஒண்ணும் செய்யலயே மாமா. அத ஏன் புடிக்கிறீங்க?"

சேற்றில் நின்றபடியே நிமிர்ந்து பார்த்தார். "நரிக்கு இல்லடி" என்றார்.

நான் நம்பவில்லை. அவரோடு பேசுவதை நிறுத்தினேன். பிறகு குழிக்குள் வட்டமான சிமெண்ட் உறைகள் இறங்கின. சுவர் எழுந்தது. கடைசியாகத் தன் கையாலேயே ஓர் இரும்புக் கதவை வெல்டிங் வைத்து மாட்டினார். தாழ்ப்பாளைப் பல தடவை போட்டும் எடுத்தும் பார்த்தார். அம்மா முதல் முறை உள்ளே போய்த் தாழ் போட்டவள் வெகுநேரம் வரவில்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன். "இருடி, வர்றேன்" என்றாள். கொஞ்சமும் அவசரமில்லாத குரல். அம்மாவிடம் அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

எனக்குப் பெரிய ஏமாற்றம். இனி காவலும் இல்லை, நரியும் இல்லை. மாமா கிளம்புகிற அன்றுகூட நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. நரியைப் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னவர், என் நரியையும் என்னிடமிருந்து பறித்துவிட்டார் என்பதுதான் அன்று எனக்குப் புரிந்தது. அந்த விடியலில் அவர் எதைப் பார்த்தார் என்பது புரியப் பல வருடங்கள் ஆயின. வெளிச்சம் வந்தால் எழுந்து நிற்பது விளையாட்டல்ல என்று தெரிந்துகொள்ளவும்தான்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சிவில் இன்ஜினியரிங் முடித்து, ஒரு கட்டட காண்ட்ராக்டரிடம் சைட்டில் நிற்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. இப்போது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கழிப்பறை இருக்கிறது. ஆனால் ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறினால் குழிகள் நிரம்பிவிடும். மாமா கட்டிய குழியும் அப்படித்தான் நிரம்பிக்கொண்டிருந்தது. அப்போது பெண்கள் பழையபடி கருவைக்காட்டுக்குப் போகிறார்கள். காட்டில் பாதியை மனை போட்டுவிட்டார்கள். போன மாதம் விடியலில் சைட்டுக்குக் கிளம்பியபோது, மனைக்கல் ஒன்றின் அருகே நரி நின்றது. என் வண்டி வெளிச்சத்தில் கண் மின்ன ஒரு தரம் பார்த்தது. நான் விளக்கை அணைத்தேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

எங்கள் வீட்டுக் குழியைப் போன வருடமே தரைக்கு மேலே எழுப்பி, சுற்றிலும் மணல் அணைத்துக் கட்டிவிட்டேன். மழையில் அது நிரம்பவில்லை. அடுத்தது பெரியம்மா வீடு. நேற்று அவள் கொல்லையில் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள், "கக்கூஸ் கட்டவாடி இம்புட்டுப் படிச்ச?" என்றாள். "ஆமா பெரியம்மா" என்றேன். அவளுக்கு ஏற வசதியாக, வரைபடத்தில் படிகளைத் தாழ்வாக வைத்திருக்கிறேன். கதவுக்குப் பட்டறையில் சொல்லியாயிற்று.