ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது ஓசூரில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பிழைப்புக்காகக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். கணவருக்கு வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எனக்கு வேறொரு கம்பெனியில் அசெம்பிளி லைன். ஷிப்ட் மாறி மாறி வரும். அவர் உள்ளே வரும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்ப்பதே ஞாயிறன்றுதான்.

அந்த வருடம் அவருக்குப் பெரும்பாலும் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுப்பார். படுப்பதோடு சரி, தூக்கம் எங்கே வரும்? பக்கத்து வீட்டில் மிக்ஸி, எதிர்வீட்டில் டி.வி., தண்ணீர் லாரி வந்துவிட்டால் தெருவே ரணகளம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, முகத்தில் என் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு புரண்டு கிடப்பார். மகளுக்கு அப்போது ஐந்து வயது. ‘அப்பா தூங்குறாங்க’ என்று சொல்லிச் சொல்லியே, பொம்மையிடம்கூட ரகசியக் குரலில் பேசப் பழகிவிட்டாள்.

ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ஓடுகிற மிஷினுக்குள் கையை விடப் போய்விட்டார். பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவர் குரலில் பயம்கூட இல்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. கடனோ உடனோ வாங்கியாவது சத்தமில்லாத இடத்தில் ஒரு வீடு வாங்கிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

ஞாயிறு தோறும் வீடு பார்க்கக் கிளம்பினோம். மற்ற நாளில் யாருக்கு ஒழிகிறது? எங்களைப் போல வீடு தேடுகிற கம்பெனிக்காரர்கள் எல்லோருமே ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்தான். தளிப் பக்கம் நன்றாக இருந்தது, கம்பெனி பஸ் வராது. ஓசூருக்குள் விலை கேட்டால் தலை சுற்றியது. கடைசியில் ஒரு புரோக்கர், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் மாறி மாறி போன் பேசுகிறவர், சூளகிரி தாண்டி குருபரப்பள்ளி போகிற வழியில் ஒரு வீடு இருப்பதாகக் கூட்டிப்போனார்.

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே, மலையடிவாரத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு சின்ன நகர். இரண்டு ரூம் வீடு. மாடியில் நின்றால் எதிரே பாறை மலை, ஜில்லென்று காற்று. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. மகள் மலையைப் பார்த்து ‘ஓ’வென்று கத்தினாள். அது திரும்பி வந்ததும் இன்னும் பலமாகக் கத்தினாள். ‘உஸ்’ என்று அவளை யாரும் அடக்கவில்லை. இதற்கே இந்த வீட்டை வாங்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வீட்டுக்காரர் கிருஷ்ணகிரியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய். கடைக்குப் பக்கத்திலேயே குடிபோக வேண்டும், அதனால் விற்கிறோம் என்றார். புரோக்கரும் அவரும் பேசிக்கொண்டிருக்க, என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அன்று காலைதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. எழுப்பப் போனேன். பாயின் மனைவி வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, என்னை அடுப்படிக்கு அழைத்துப்போனார்.

“நைட் ஷிப்டாம்மா?” என்று கேட்டபடி டீக்குப் பால் வைத்தார்.

“ஆமாக்கா. அவுக பகல்ல கொஞ்சம் தூங்கட்டும்னுதான் இந்த மாதிரி எடமாத் தேடி அலையுதோம்.”

சர்க்கரை டப்பாவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஹாலை எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேல நாள்ல வந்து பாரும்மா. மத்தியானம் சோத்து நேரத்துக்கு வா. நான் சொன்னேன்னு எங்க வூட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்” என்றார்.

“ஏங்கக்கா?”

“நாங்களும் ஞாயித்துக்கெழமதான் வந்து பாத்தோம்.”

டீயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய், ஒன்றும் நடக்காததுபோல் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டை விற்க இந்த அம்மாவுக்கு மனசில்லை போலிருக்கிறது, புருஷன் பெண்டாட்டி சண்டையில் நம் தலையை உருட்டுகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர், “பாத்தியா புள்ள, ஒரு சத்தம் இல்ல. அங்கன படுத்தா பொணம் மாதிரி தூங்குவேன்” என்று சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வராமல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனாலும் மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வாரம் கம்பெனியில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, தனியாக பஸ் ஏறினேன்.

நெடுஞ்சாலையில் இறங்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. வேப்பமரம் வேப்பமரமாகவே இல்லை, சாம்பல் பூத்துக் கிடந்தது. மலைக்குப் பின்னாலிருந்து மாவு மில் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல், நிற்கவே இல்லை. உள்ளே நடந்து, அந்த வீட்டுத் தெரு முக்கில் இருந்த டீக்கடைக்காரரிடம் என்ன சத்தம் என்று கேட்டேன்.

“மலைக்கு அந்தாண்ட குவாரிம்மா. கல்லு ஒடைக்கிற கிரஷர் ஓடுது. இன்னும் செத்த நேரத்துல வெடி வெப்பாங்க, இங்கியே நில்லு” என்றார்.

சொல்லி முடிக்கவில்லை, சங்கு ஊதியது. சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் மலைப்பாதையை மறித்து நின்றார். தெருவில் வீடு வீடாக ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. நான் அந்த வீட்டை நிமிர்ந்து பார்த்தேன். மாடியில் பாயின் மனைவி காய்ந்தும் காயாத துணிகளை அவசர அவசரமாக உருவிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். வீட்டு வாசலில் பாயின் வண்டி நின்றது. அதனால் அவர் என்னைக் கூப்பிடவில்லை. லேசாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நொடி வெடித்தது. காலடியில் மண் அதிர்ந்தது. கடை அலமாரியில் கண்ணாடி கிளாஸ்கள் கலகலத்தன. டீக்கடைக்காரர் பால் சட்டியை மூடிவிட்டு, நாளைக்கும் இதே கதைதான் என்பதுபோல் அடுப்பைத் தூண்டினார். மலைக்கு மேலே புழுதி எழும்பி மெதுவாக எங்கள் பக்கம் இறங்கியது. நான் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஆயுசு முழுக்கக் கடன் கட்டி இந்தச் சத்தத்தையா வாங்க இருந்தோம்!

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப ஞாயித்துக்கெழம மட்டும் தூங்கியிருக்கலாம்” என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அந்த அக்காவின் பெயர் வெளியே வந்துவிடக் கூடாதே என்று, புரோக்கரிடம் ஊர்ப் பெரியவர்கள் வாஸ்து சரியில்லை என்கிறார்கள் என்று புளுகினோம். அவர் லேசுப்பட்டவரா? வாஸ்து பார்க்கத் தானே ஓர் ஆளைக் கூட்டிவருவதாகக் கிளம்பிவிட்டார். அவரிடமிருந்து தப்பிப்பது பெரும் பாடாகிவிட்டது.

பிறகு வேறு பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கினோம். வேலை நாளில் போய், பகல் முழுக்க அந்தத் தெருவில் நின்று பார்த்த பிறகுதான் வாங்கினோம். மழை பெய்தால் ஒழுகும், கரன்ட் அடிக்கடி போகும், கடன் இன்னும் கழுத்தை நெரிக்கிறது. ஆனால் அவர் தூங்குகிறார். மகள் சத்தம் போட்டு விளையாடுகிறாள்.

பகலில் அவருடைய குறட்டைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த அக்காவை நினைத்துக்கொள்வேன். அவருடைய வீடு சீக்கிரம் விற்றுப்போக வேண்டும் என்று சாமியிடம் கேட்கத் தோன்றும். விற்றுப்போனால் ஏதோவொரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் போலவே வந்து பார்த்தவள் ஒருத்தி அங்கே குடியிருப்பாள் என்பதும் உடனே தோன்றும். எங்களைப் போகவிட்டுவிட்டு அந்தப் புழுதிக்குள்ளேயே இருந்துகொண்ட அவருக்காக என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.