வேளாங்கண்ணி மறுத்த கடைசிப் பந்தி

கோபம் வந்தால் வேளாங்கண்ணிக்குக் குரல் உயராது. மூக்கு நுனி சிவக்கும். அன்று காலை ஓசூர்த் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறைக்குள் அவள் நுழைந்தபோது மூக்கு நெருப்பாய்ச் சிவந்திருந்தது. அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் இருமித் துடைத்த துண்டில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

பாலக்கோட்டுப் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பம். அப்பா போனபின், அண்ணன்தான் கல் உடைத்தும், பிறகு இதே தொழிற்சாலையின் வார்ப்புப் பட்டறையில் மணல் தூசியைத் தின்றும் அவளைக் கணக்குப் பட்டம்வரை படிக்க வைத்தான். எழுபத்தெட்டில் அவள் இங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஆனாள்.

அந்த வருடம்தான் ஒரு டாக்டர் வந்து பட்டறை ஆட்களின் மூச்சை அளந்தார். யாருடைய நுரையீரல் கெட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் சொன்னால், அவர்களைத் தூசியில்லாத இடத்துக்கு மாற்றுவார்கள். கணக்கு வரும்வரை யாரையும் மாற்றக் கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு.

அந்த வேலைக்கு முன்னுரிமை எண் போட வேண்டியவள் வேளாங்கண்ணி. அண்ணன் இருக்கும் பட்டறையாயிற்றே, முன்னால் போட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? விருந்தென்றால் வீட்டு மனிதர்கள் கடைசிப் பந்தியில் உட்காரும் குடும்பத்தில் வளர்ந்தவள், இருப்பதிலேயே சின்ன எண்ணை, அதாவது கடைசி முறையைப் போட்டாள். பாவி மகள்!

இயந்திரத்துக்குள் கணக்குப் போட இருந்தது ஒரே பிராசஸர். அடுத்து அதனிடம் எந்த வேலை போவது என்று தீர்மானிக்க உள்ளே ஒரு மேற்பார்வை புரோகிராம் இருந்தது. காத்திருப்பவற்றில் பெரிய எண் எதுவோ, அதையே அது அனுப்பும். எத்தனை நாள் காத்திருந்தாய் என்று எதையும் கேட்காது. சரக்குக் கணக்கு, விற்பனைக் கணக்கு என்று தினமும் புதியவை வந்து முன்னால் நின்றன. டாக்டரின் வேலையை யாரும் மறுக்கவில்லை. அதன் முறை மட்டும் வரவேயில்லை. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்துவிட்டது.

"சார், டாக்டர் வேலை இன்னும் ஓடலீங்க."

பிரிவுத் தலைவர் முனிராஜ் தேநீரை உறிஞ்சினார். "ஓடும்மா. யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு மிஷினுக்குத் தெரியாதா?"

"மிஷினுக்கு நாம போட்ட நம்பருதாங்க தெரியும்."

"அந்த நம்பரைப் போட்டது யாரு? மகாராணி நீதானே?"



"நான்தாங்க போட்டேன். கடைசிப் பந்தியில உக்காந்தாலும் சோறு கெடைக்கும்னு நெனச்சேன். கல்யாண வூட்ல விருந்தாளிங்க ஒரு நேரத்துல தீந்துருவாங்க. இங்க தீரவே மாட்டேங்குறாங்களே! இது உங்களுக்குத் தெரியுங்க. தெரிஞ்சேதான் தினமும் புதுசா ஒண்ணக் கொண்டாந்து முன்னாடி உக்கார வெக்கிறீங்க."

முனிராஜ் பார்வையை நகர்த்திக்கொண்டார். கணக்கு வந்தால் பாதிப் பட்டறை காலியாகும் என்பது அவருக்குத் தெரியும்.

"சரக்கு அனுப்புற கணக்கு இன்னிக்கே போவணும். போயி வேலையப் பாரு. உங்கண்ணனுக்குச் சளி, மொளகு ரசம் வெச்சுக் குடு."

அவள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, டாக்டர் வேலையின் எண்ணை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றினாள்.

"ஏய், கைய எடு!"

"எடுக்க மாட்டேங்க! காத்திருக்கக் காத்திருக்க நம்பரு தானா ஏறணும்னு ஒரு விதி எழுதிக் குடுத்தேனே, அதை பீரோவுல பூட்டுனது யாருங்க? அதனாலதான் கையால ஏத்துறேன்."

அவர் பாய்ந்து வர, அவள் இரு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றாள். பின்னால் அச்சு இயந்திரம் தடதடத்தது. முனிராஜின் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானா? இந்த அற்ப நேரத்துக்காகவா என் அண்ணன் இத்தனை மாதம் தூசி தின்றான்? அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு, வாசல்வரை துரத்திய குரலைச் சட்டை செய்யாமல் நேரே டாக்டரிடம் நடந்தாள். மாலைக்குள் ஸ்தனிஸ்லாஸ் தூசியில்லாத ஸ்டோருக்கு மாற்றப்பட்டான். அவனோடு இன்னும் பலர். அதே மாலை அவளைத் தற்காலிகமாக நீக்கும் உத்தரவும் வந்தது.

"வேல போச்சேடி பாப்பா," என்றான் அண்ணன், இருமலுக்கிடையே.

"போவட்டும்ணா." அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, அருகிலேயே தனக்கும் ஒரு தட்டை வைத்தாள். "இனிமே இந்த வூட்ல யாரும் கடைசியா உக்கார வேணாம்."