சுண்ணாம்பு போடச் சொன்னது

தங்கச்சியின் புருஷன் கட்டாரிலிருந்து வந்தபோது இனிப் போவதில்லை என்றுதான் வந்தார். தங்கச்சி வீட்டு வளவின் பின்பக்கம் மூன்று சீமெந்துத் தொட்டி கட்டித் திலாப்பியா வளர்த்தார். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டியில் மீன் வளர்க்கிற ஆள் என்று கல்முனையில் பகிடி பண்ணாதவர்கள் இல்லை. அவருடைய யோசனை வேறு. நாவிதன்வெளி, சவளக்கடைப் பக்கத்து வயல்காரர்களுக்கு நன்னீர் மீனென்றால் உயிர். மீன் சரிவந்தால் இங்கேயே இருப்பார், சரிவராவிட்டால் திரும்பவும் விசா. சின்ன மகள் அவரை வாப்பா என்று கூப்பிடத் தொடங்கியே ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறவன். தொட்டித் தண்ணீரைப் பற்றி மச்சான் என்னிடம்தான் கேட்பார். அவர் கேட்பது எனக்குப் பிடிக்கும். மறைப்பானேன், என் வீட்டில் வேறு யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை.

ஒரு நாள் காலை ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"மச்சான், மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது. நீங்க தந்த நீலத் தாள் சிவப்பாகுது. தண்ணி புளிச்சிட்டு போல. மூணு தொட்டிக்கும் சுண்ணாம்பு போடவா?"

"ஓம், போடுங்க" என்றேன். அடுத்த விடைத்தாளை எடுத்தேன்.

லுஹர் தொழுதுவிட்டு அங்கே போனேன். நல்ல வெயில். மூன்று தொட்டியிலும் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. மச்சான் வலையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். நான் குனிந்தேன். மூக்கில் ஏறியது எங்கள் ஆய்வுகூடப் போத்தலின் நெடி. அமோனியா.

மீன் கழிக்கிற அமோனியா தண்ணீருக்குள் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அமோனியம், அது மீனை அவ்வளவாக வருத்தாது. மற்றது கரைந்த அமோனியா, அது செவுளை எரித்துவிடும். இரண்டும் ஓயாமல் ஒன்று மற்றதாக மாறிக்கொண்டே ஒரு விகிதத்தில் நிற்கும். அதைத்தான் சமநிலை என்கிறோம். வெளியிலிருந்து எதையாவது மாற்றினால், அந்த மாற்றத்தைக் குறைக்கிற பக்கமாக அது நகரும். தண்ணீர் புளித்திருந்தவரை நஞ்சின் பெரும்பகுதி அமோனியமாக அடங்கிக் கிடந்தது. சுண்ணாம்பு காரம். அந்தக் காரத்தைச் செலவழிக்கத்தான் அமோனியம் அமோனியாவாக மாறியது. தண்ணீர் சூடேறினாலும் அமோனியா கூடும்; மத்தியான வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்விதான்: தண்ணீரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? முதலில் பாதித் தண்ணீரை மாற்றச் சொல்லியிருந்தால் அதிக மீன்கள் பிழைத்திருக்கும். பதினான்கு வருடமாக இந்தச் சமநிலையைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன்.

தென்னை மரங்களுக்குக் கீழே குழி வெட்டி மீன்களைப் புதைத்தோம். நானும்தான் வெட்டினேன். தங்கச்சி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணூறுதான் காக்கா" என்றாள் அண்ணனான என்னிடம். "பக்கத்து ஊட்டுக்காரி முந்தாநாள் வந்து, எவ்வளவு கொழுத்த மீனெண்டு பாத்துட்டுப் போனவ."

அன்றைக்கே பக்கத்து வீட்டோடு கதையை நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் நோன்புக் கஞ்சி அனுப்பினால் இவள் வாங்குவதில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அழுகை வரவில்லை. வெட்கம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளுக்குள் மரத்துக் கிடந்தது. சாப்பிட்டேன், தொழுதேன், பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் அதே பாடம் வந்தது. சமன்பாட்டைக் கை தன்பாட்டில் எழுதியது. காரம் சேர்த்தால் எந்தப் பக்கம் நகரும் என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் சொன்னார்கள்.

விசா வந்தது. மச்சான் கொழும்பு போகிற வான் வண்டியில் ஏறுகிற நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு தொட்டியடிக்குப் போனேன். வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அது கண்ணூறு இல்ல. சுண்ணாம்பாலதான் செத்த. நான் போடச் சொல்லியிருக்கப்படா" என்றேன். காரணத்தையும் முழுவதுமாகச் சொன்னேன். வகுப்பில் சொல்வதைப்போலவே தெளிவாகச் சொன்னேன், அதுதான் கேவலம்.

அவர் வலையைக் கீழே வைத்தார்.

"அண்டைக்கிப் போன்ல கேக்கக்குள்ள இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். யோசிக்கல்ல."

ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத அவட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இன்னும் இல்ல. இண்டைக்கிச் சொல்லத்தான் வந்த."

"சொல்லாதீங்க. நான் போனாப் பொறகு அவக்கும் புள்ளைகளுக்கும் நீங்க மட்டும்தான் இரிக்கீங்க. உங்களோடயும் அவ கதைக்காம உட்டா, நான் அங்க எப்பிடி இரிக்கிற?"

ஓம் என்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு, சின்ன மகளைத் தூக்கப் போனார்.