நீலப் பெட்டி சவரியப்பன்

காலை ஆறேகாலுக்கு ஏதாவது ஒரு வீட்டு கேட்டுக்கு வெளியே மொபெட்டை நிறுத்தி, தொண்டையை மட்டும் செருமிக்கொண்டு, "ஆச்சுங்களா?" என்று கேட்கிறார் சவரியப்பன். "இன்னும் இல்லைங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தால் முகம் சுண்டிவிடும். "ஆச்சுங்க" என்றால் பேரன் பிறந்த சேதி கேட்டவரைப் போல மலர்ந்துவிடுவார். அடுத்தவர் வயிறு இளகியதற்காக இவ்வளவு மனதார மகிழும் ஆள் கீரனூரில் வேறு கிடையாது.

வேலை அப்படி. சர்க்கரை நோய்க்கும் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் என்ன உறவு என்று திருச்சியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் பார்க்கிறது. அதற்கு நோயாளிகளின் மலம் வேண்டும். மூடி போட்ட டப்பாவை முதல்நாள் கொடுத்து, மறுநாள் வாங்கி, ஐஸ் நிரப்பிய நீலப் பெட்டியில் பஸ் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர் பொறுப்பு. முறைக்கிறவர்களுக்கு விளக்கமும் உண்டு. "வகுத்துக்குள்ள ஒரு ஊரே குடியிருக்குங்க. நல்லவங்களும் இருக்காங்க, வம்பு பிடிச்சவனும் இருக்கான். யாரு கை ஓங்கியிருக்குன்னு பாக்கத்தான் இது."

அந்தச் சொல்லை மட்டும் வாயால் சொல்ல மாட்டார், 'பொருள்' என்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பெட்டியைத் தட்டி, "என்ன, மீனுங்களா?" என்று கேட்டால், "இல்லைங்க, ஊர்ப் பொதுச் சொத்து" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பிரகதாம்பாள் என்ற அம்மாளுக்கு மூன்று நாளாக ஆகவில்லை. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நார்த்தங்காய் ஊறுகாயை நிரப்பி, மூடியை இறுக்கிக் கொடுத்தனுப்பிவிட்டார். பொருளைப் பெற்றுக்கொள்ளும் வனிதா, திருச்சியிலிருந்து போனில் சிரித்த சிரிப்பு இவர் காதில் இன்னும் இருக்கிறது. "அண்ணே, இந்த ஊர்ல எல்லாருமே நல்லவங்கதாண்ணே!"

டப்பாவை மறைத்துத் தருகிறவர்களைக் கண்டால் இவருக்கு இளக்காரம். "ஜவுளிக்கடைப் பையில வச்சா பட்டாயிருமா? எல்லாருக்கும் உள்ளதுதானங்க, இதுல என்ன வெக்கம்?" என்று தெருவே கேட்கக் கேட்பார்.

இவருக்கும் ஒன்பது வருடமாகச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரலில் ஒரு புண், ஒன்றரை மாதமாக ஆறவில்லை. இதே வயதில்தான் இவருடைய அப்பாவுக்குக் காலை எடுத்தார்கள். ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களை ஒரு வருடம் பெரிய டாக்டரே பார்த்து மருந்து தருகிறார். இவர் பெயரையும் எழுதி, டப்பாவும் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. பொருள்தான் போய்ச் சேரவில்லை. மகள் வயதுப் பெண்ணான வனிதாவிடம் அதை எப்படி நீட்டுவது?

"ஊரையெல்லாம் கேக்குறீங்களே, ஒங்களுக்கு ஆச்சா?" என்று மனைவி இன்னாசியம்மாள் தினமும் கேட்டாள். நேற்றுக் காலை கேட்கவில்லை. புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டு, பேசாமல் எழுந்து போனாள். அது இவரைக் கலக்கிவிட்டது. ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கும் பட்டியல் முடிகிற கடைசி நாள் அது. அப்பாவின் காலை நினைக்க நினைக்கப் பயமாக இருந்தது.

திருச்சியில் நீலப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வைத்தார். கடைசியாக அடியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பை வந்தது. மூன்று முடிச்சு. வனிதா அவிழ்த்துப் பார்த்தாள்.

"ஊறுகா இல்லையேண்ணே?"

"இல்லம்மா."

"பேரு ஒட்டலையே. யாரோடது?"

சவரியப்பன் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தார். பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்துவிடாதபடி மறைப்பதுபோல இடது கையைக் குவித்து வைத்துக்கொண்டு, ஸ்டிக்கரில் தன் பெயரை எழுதத் தொடங்கினார்.